கூடக்குறைய மூன்று நிமிடம்

பள்ளிவாசலுக்கும் பாடசாலைக்கும் சிவப்பு எழுத்து மணிக்கூடு பூட்டித் திரிகிற பிள்ளைகளே, உங்களுக்கு ஏணி ஏறத் தெரியும், வயர் இழுக்கத் தெரியும், ஃபோனைத் தட்டி நேரத்தைச் சரிசெய்யவும் தெரியும். அதற்கெல்லாம் நான் தேவையில்லை. போன கிழமை உங்களில் ஒருவர் என் வீட்டுக்கு வந்து, "சேர், இந்த மணிக்கூட்டு வேலையில நீங்க படிச்ச பெரிய விசயம் என்ன?" என்று கேட்டார். தேத்தண்ணீர் ஆறுகிறது, குடியுங்கள் என்று சொல்லித் தப்பிவிட்டேன். கேள்வி என்னை விடவில்லை. அதனால் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். என் உத்தியோகம் தொலைபேசி நிலையத்தில். ஓய்வு பெற்ற பிறகு மற்றவர்கள் கோழி வளர்த்தார்கள், சிலர் அரசியல் பேசினார்கள். நான் நேரம் வளர்த்தேன். கூரையில் ஒரு சின்ன அன்டெனா, அது சட்டலைட்டிலிருந்து நேரம் பிடிக்கும். மேசையில் ஆறேழு மணிக்கூடுகள். காலையில் எழும்பினால் எது எவ்வளவு பிந்தியது, எது எவ்வளவு முந்தியது என்று பார்ப்பதுதான் எனக்குப் பேப்பர் வாசிப்பது மாதிரி. வெயில் ஏறினால் ஒன்று சோம்பும், மழை பெய்து குளிர்ந்தால் இன்னொன்று துள்ளும். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு குணம். எல்லாவற்றுக்கும் மேலே குசினியில் என் மனைவியின் மணிக்கூடு இருக்கிறது. அது பத்து நிமிடம் முந்தி ஓடும். அதில் நான் கைவைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அவருடைய சோறும் கறியும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் ஓடுகின்றன. நான் அதைத் திருத்தினால் அன்றைக்குப் பட்டினி.

யாராவது என்னிடம் நேரம் கேட்டால் நான் இரண்டு விடை சொல்லுவேன். "ஆறு பதினாலு. கூடக்குறைய ரெண்டு செக்கன்." கேட்டவர் ஆறு பதினாலை எடுத்துக்கொண்டு மிச்சத்தை என்னிடமே விட்டுவிட்டுப் போவார். சந்தியில் என்னைக் கண்டால் "கூடக்குறைய வாறார்" என்று சொல்லிச் சிரிக்கிறவர்களும் உண்டு. சிரிக்கட்டும். பிழை எவ்வளவு வரும் என்று சொல்லாத நேரம் அரைவாசி நேரம்தான்.

இந்தப் பழக்கத்தை எனக்குப் பழக்கியவர் தொலைபேசி நிலையத்தில் எனக்கு மேலே இருந்த ஒருவர். சொறிக்கல்முனையிலிருந்து சைக்கிளில் வந்து போவார். பெயர் எழுத மாட்டேன், எழுதினால் கோபித்துக்கொள்வார். நான் சேர்ந்த முதல் நாள், மணி என்ன என்று கேட்டார். சொன்னேன். "கூடக்குறைய எவ்வளவு?" என்று கேட்டார். முழித்தேன். முழித்த பிறகுதான் வேலை தொடங்கியது.

சேர்ந்து கொஞ்ச நாளில், நிலையத்தின் தலைமை மணிக்கூடு இரண்டு நிமிடம் முந்தி ஓடுவதைக் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்த சந்தோசப் புளுகத்தில், ஒருவரையும் கேட்காமல், பட்டப்பகலில் அதைப் பின்னால் தள்ளிச் சரியாக்கிவிட்டேன். அந்த நேரம் பார்த்து ஒரு அரிசி ஆலை முதலாளி கொழும்புக்குக் கோல் எடுத்து, லொறி வெளிக்கிட்டுவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். மணிக்கூட்டின்படி அவர் பேசி முடித்த பிறகுதான் பேசத் தொடங்கியிருக்கிறார். மெஷினுக்கு இது விளங்கவில்லை. மனிதர் ஒரு முழு நாள் சுற்றி வந்து பேசி முடித்தார் என்று பதிந்துவிட்டது.

முதலாளி நேரிலேயே வந்தார். கோபமில்லை, ஆச்சரியம். "தம்பி, நான் ஒரு நாள் முழுக்கக் கதைச்சனாம். கலியாணம் முடிச்ச நாள்ல இருந்து பொஞ்சாதியோட கதைச்ச எல்லாத்தையும் கூட்டினாலும் அவ்வளவு வராதே."

சொறிக்கல்முனைக்காரர் அவரைச் சமாளித்து அனுப்பினார். பிறகு என் பக்கம் திரும்பினார். சத்தம் போடுவார் என்று நின்றேன். அவர் தன் கைக்கடிகாரத்தைத் துடைத்தபடி சொன்னார். "மணிக்கூடு பிழையா ஓடுறது ஒரு பிழைதான். அதை நம்பி ஆராரு நடுவழியில நிக்கிறாங்க எண்டு பாக்காமத் திருத்துறது ரெண்டாவது பிழை. ரெண்டாவதுதான் பெரிசு."

ஓம் என்று தலையாட்டினேன். விளங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன். உண்மையில் விளங்குவதற்கு நான் பென்ஷன் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்போது எங்கள் பள்ளிவாசலுக்கு வருவோம். முன்சுவரில் ஒரு சிவப்பு எழுத்து மணிக்கூடு, வெளிநாட்டில் இருக்கிற ஒருவரின் அன்பளிப்பு. தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்கிற நேரத்துக்கு ஒரு தடவை கத்தும். எல்லோரும் சேர்ந்து தொழுகிற ஜமாஅத்துத் தொழுகை தொடங்க வேண்டிய நேரத்துக்கு இன்னொரு தடவை கத்தும். இரண்டாவது கத்தலோடு, பாங்கு சொல்கிற மோதினார் எழும்பி, தொழுகை தொடங்குகிறது என்று இகாமத்துச் சொல்லிவிடுவார், இமாமாக முன்னால் நிற்கிற மௌலவி 'அல்லாஹு அக்பர்' என்று தக்பீர் கட்டிவிடுவார். பின்னேர வெயில் குடிக்கிற சுவர் அது. அந்தச் சூட்டில் மணிக்கூடு மாதத்துக்கு ஒரு நிமிடம் போலப் பின்தங்கும். கதை நடந்த காலத்தில் மூன்று நிமிடம் பிந்தியிருந்தது.

மூன்று நிமிடம், பிள்ளைகளே. சட்டலைட்டில் நேரம் பிடிக்கிறவன் ஐந்து வேளையும் அதற்கு முன்னால் நின்று தொழுகிறான். எனக்குக் கை ஊறும். பள்ளிவாசல் தலைவரிடம், திருத்தட்டுமா என்று பலமுறை கேட்டேன். "ஊரே அதுக்குப் பழகிட்டு காக்கா, விடுங்க" என்று அண்ணன் முறை வைத்துச் சொல்லுவார். உள்ளே இருக்கிற சின்ன பற்றரி செத்துவிட்டது, கரண்ட் போனால் நேரமெல்லாம் அழிந்துவிடும் என்றும் சொன்னேன். அதற்கும் "பாப்பம்" என்பார்.

அதே மணிக்கூட்டை நம்பி ஒரு மனிதர் இருந்தார். பெயர் மீராலெவ்வை. பிரதான வீதியில் தண்ணிப் பம்பு திருத்துகிற கடை. நல்ல மனிதர், ஆனால் நேரத்துக்கும் அவருக்கும் ஒத்துவராது. தொழுகையில் கடைசி ஸப்பு வரிசை, கலியாண வீட்டில் கடைசிப் பந்தி. அவருடைய மனைவிக்கு வயிற்றில் பெரிய சத்திரசிகிச்சை நடந்தது. அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்று அவர் ஒரு நேர்ச்சை வைத்தார். மனைவி உயிரோடு வீடு வந்தால், நாற்பது நாள், ஐந்து வேளையும், இமாம் கட்டுகிற முதல் தக்பீருக்கே வந்து சேர்ந்து தொழுவது. ஒரு வேளை தவறினாலும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும்.

மனைவி சுகமாக வீடு வந்தார். மீராலெவ்வை எண்ணத் தொடங்கினார். முதல் தடவை பாதி வழியில் மோட்டார் சைக்கிள் ரயர் காற்றுப் போய்க் கதை முடிந்தது. இரண்டாவது தடவை கரை கண்ணுக்குத் தெரிகிற நேரம். நாவிதன்வெளியிலிருந்து ஒரு விவசாயி, வயலில் பயிர் காய்கிறது, பம்பு நின்றுவிட்டது என்று ஃபோனில் அழுதார். மீராலெவ்வை ஆறுதல் சொல்லி முடித்துப் பள்ளிக்கு ஓடி வரும்போது இமாம் தக்பீர் கட்டி, ஓதி முடித்து, குனிந்து ருகூஉவில் இருந்தார். அன்றைக்கு அந்த மனிதரின் முகத்தை நான் பார்த்தேன். கடன் வைத்தவன் முகம் அது, அதுவும் அல்லாஹ்விடம் வைத்த கடன். "நான் நல்லாத்தானே இரிக்கன், போதும்" என்று மனைவி சொல்லியும் பார்த்தார். "நீ இரிக்கிறதாலதான் இது" என்று சொல்லிவிட்டு மூன்றாம் தடவை தொடங்கினார்.

இந்தத் தடவை என்னிடம் வந்தார். "காக்கா, என்ட கடை மணிக்கூட்டைப் பள்ளி மணிக்கூட்டோட ஒட்டித் தாங்க." இதைவிட எனக்கு என்ன வேண்டும்? ஒவ்வொரு நாளும் அஸர் தொழுதுவிட்டு அவர் கடைக்குப் போவேன். இரண்டு மணிக்கூட்டுக்கும் எத்தனை செக்கன் வித்தியாசம் என்று பார்த்து, கடை மணிக்கூட்டைப் பள்ளி நேரத்தோடு ஒட்டிவிடுவேன். பார்த்துவிட்டு நிறுத்தியிருக்கலாம். நான் விளக்கமும் கொடுத்தேன். சூட்டுக்கு எப்படிப் பிந்தும், பற்றரி இறங்கினால் எப்படிப் பிந்தும், மணிக்கூட்டை ஏன் முழுசாக நம்பக்கூடாது, கூடக்குறைய எவ்வளவு என்று எப்போதும் ஏன் கேட்க வேண்டும் என்றெல்லாம். அவர் பம்பைக் கழற்றியபடி, "ம், ம்" என்று கேட்டுக்கொண்டிருப்பார். பாவம், ஒன்றும் ஏறவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

நாற்பதாம் நாள் வந்தது. ஸுபஹ், ளுஹர், அஸர், மஃரிப் நாலும் பிடித்துவிட்டார். இஷா ஒன்றுதான் பாக்கி. ஊரில் பாதிப்பேருக்கு விஷயம் தெரியும்.

இஷாவுக்குப் பாங்கு சொல்லி முடிந்தது. மோதினார் ஒலிவாங்கியை வைக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. பள்ளி இருண்டது. இன்வேட்டர் ஒலிபெருக்கிக்கும் மணிக்கூட்டுக்கும் மட்டும்தான் கொடுக்கும். அது விழித்து எழும்புவதற்குள் மணிக்கூடு ஒரு தடவை அணைந்து எரிந்தது. எரிந்தபோது பன்னிரண்டு மணி என்று மின்னிக்கொண்டிருந்தது. செத்த பற்றரியின் வேலை.

"காக்கா எங்க? காக்காவக் கூப்பிடுங்க" என்று தலைவரின் குரல் இருட்டில் கேட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மணிக்கூட்டைத் தொட எனக்கு அழைப்பு. ஏணி வந்தது. மோதினார் ஃபோன் வெளிச்சத்தை மணிக்கூட்டுக்கு நேரே பிடித்தார். "ஏணிய இறுக்கிப் பிடிங்க" என்றேன். யாரோ பிடித்தார். ஏறினேன். சட்டலைட்டோடு அன்று காலையில்தான் ஒட்டிய என் கைக்கடிகாரத்தைப் பார்த்து, செக்கன் பிசகாமல், சரியான நேரத்தைப் போட்டேன். எத்தனை மாத ஊறல். இறங்கும்போது என் முகத்தில் இருந்த சிரிப்பு இருட்டிலும் தெரிந்திருக்கும்.

கடைசிப் படியில் கால் வைக்கும்போதுதான் சொறிக்கல்முனைக்காரரின் குரல் காதுக்குள் கேட்டது. ஆராரு நடுவழியில நிக்கிறாங்க?

பாங்கு சொன்னது பழைய நேரத்துக்கு. இகாமத்து வரப்போவது புதிய நேரத்துக்கு. இரண்டுக்கும் நடுவில் வழமையாகப் பத்து நிமிடம். அதில் மூன்றை நான் ஏணியில் நின்று தின்றுவிட்டேன். மீராலெவ்வை கடையில் இருக்கிறார். அவர் சுவரில் இருக்கிற மணிக்கூடு பள்ளியின் பழைய நேரத்தோடு செக்கன் சுத்தமாக ஒட்டியிருக்கிறது. ஒட்டியவனும் நான்தான். அவர் தன் கணக்கில் நேரத்தோடு எழும்பி வருவார். இங்கே தக்பீர் கட்டி முடிந்திருக்கும்.

அந்த இடத்தில் எனக்கு என்ன வழிகள் இருந்தன என்று இப்போது ஆறுதலாக யோசித்தால் எல்லாம் தெரிகிறது. அப்போது இரண்டுதான் தெரிந்தது. ஒன்று, மறுபடி ஏணியில் ஏறிச் சரியான நேரத்தைப் பிழையாக்குவது. அத்தனை பேருக்கும் முன்னால், பள்ளிவாசலுக்குள், தெரிந்துகொண்டே பிழை நேரம் போட என் கை போகாது. இரண்டாவது, ஓடுவது. கோல் எடுத்தேன், ஃபோன் ஓஃப். விவசாயியின் அழைப்புக்குப் பயந்து ஓஃப் பண்ணிவிட்டார் என்று எனக்கு நானே விளக்கம் சொன்னேன். பக்கத்துக் கதவால் இறங்கி, கிடைத்த செருப்பைப் போட்டுக்கொண்டு சைக்கிளை மிதித்தேன்.

கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. பக்கத்தில் எங்காவது போனால் அவர் அப்படித்தான் விடுவார். குனிந்து கூப்பிட்டேன். பதில் இல்லை. உள்ளே அந்த மணிக்கூடு மட்டும், நான் ஒட்டிவிட்ட மூன்று நிமிடப் பிழையை ஒரு செக்கன்கூடக் கெடுக்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவு விசுவாசமான மணிக்கூட்டை அன்றைக்கு உடைக்க வேண்டும் போல இருந்தது.

வீடு கடைக்குப் பின் ஒழுங்கையில், ஒரு சின்னச் சந்துக்குள். கேற்றைத் தட்டினேன். மனைவிதான் மெழுகுதிரியோடு வந்தார்.

"தங்கச்சி, மீராலெவ்வை எங்க?"

"பள்ளிக்கெல்லோ போன, காக்கா."

"நான் பள்ளியில இருந்துதான் வாறன். அவர் அங்க இல்ல."

"வடிவாப் பாத்தீங்களா?"

"பாத்துட்டுத்தான் வாறன் புள்ள. கடையிலயும் இல்ல. மணிக்கூடு மாறிட்டு, இகாமத்து முந்தி வரப்போகுது."

அவர் மறுபடி வாய் திறப்பதற்குள் ஒலிபெருக்கியில் இகாமத்துக் கேட்டது. நான் போட்ட நேரம், செக்கன் பிசகவில்லை.  அந்தத் தங்கச்சி மெழுகுதிரியை நிலத்தில் வைத்துவிட்டு வாசற்படியில் குந்திவிட்டார். தன் உயிருக்காக ஒரு மனிதன் மூன்று தடவை எண்ணத் தொடங்கியதை அவர் பக்கத்தில் இருந்து பார்த்தவர். இனி நாலாம் தடவையும் எண்ணுவார் என்று அவருக்குத் தெரியும். எனக்கு வெட்கமாக இருந்தது. அவருக்கு முன்னால் நிற்க முடியாத அளவு வெட்கம்.

பள்ளிக்குத் திரும்பியபோது முதல் ரக்அத்து முடிந்துவிட்டது. கடைசி ஸப்பில் நின்று சேர்ந்துகொண்டேன். வருடக்கணக்கில் முன் ஸப்பில் நின்றவன் நான். இமாம் ஸலாம் கொடுத்தார். எனக்கு ஒரு ரக்அத்துப் பாக்கி, எழும்பி நின்றேன். எல்லோரும் உட்கார்ந்திருக்க நான் மட்டும் நிற்கிறேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது.

தொழுது முடித்து ஸலாம் கொடுத்துத் திரும்பினால், என் பக்கத்தில் மீராலெவ்வை சம்மாணம் கொட்டி இருக்கிறார்.

"என்ன காக்கா, பிந்திட்டீங்க?" என்றார்.

"நீ... முதல் தக்பீர்?" என்றேன்.

"பிடிச்சிட்டன். அல்ஹம்துலில்லாஹ். மௌலவிக்கு நேர பின்னால."

"எப்படி? கடை மணிக்கூடு மூணு நிமிசம் பிந்தியல்லோ கிடக்கு."

"கடை மணிக்கூட்டை ஆரு பாத்த? நீங்கதான் நாளாந்தம் வந்து 'கூடக்குறைய எவ்வளவு, கூடக்குறைய எவ்வளவு' எண்டு என்ட உசிர வாங்கின. முதல் கிழமையே பயம் புடிச்சிட்டு. இவ்வளவு படிச்ச மனிசனே ஒரு மணிக்கூட்டையும் நம்பாட்டி நான் எப்படி நம்புற? அண்டேல இருந்து பாங்குச் சத்தம் கேட்டா ஷட்டரப் பாதியில விட்டுட்டு வந்து முன் ஸப்புல குந்திர்ர."

"எனக்குச் சொல்லலியே."

"நீங்க மணிக்கூடு பாக்க வாற சந்தோசத்தக் கெடுக்க மனம் வரல்ல."

நான் விடவில்லை. எனக்கும் கொஞ்சம் ரோஷம் இருக்கிறதுதானே. "அப்ப நான் ஏணியில நிக்கக்குள்ள நீ எங்க இருந்த? நான் உன்னக் காணலியே."

மீராலெவ்வை தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினார். ஏணியின் துரு சிவப்பாக ஒட்டியிருந்தது. "இறுக்கிப் பிடிங்க எண்டு சொன்ன. நான் பிடிச்ச. நீங்க இறங்கி வந்து ஒரு சொல்லும் சொல்லாம ஓடின. வுளு முறிஞ்சிட்டு, திரும்பக் கழுவ ஓடுறாக்கும் எண்டு நினைச்சன்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். மௌலவியும் எழும்பி வந்தார். விஷயத்தைக் கேட்டார். கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார். "என்னட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மூணு நிமிசம் பொறுத்திருப்பனே. மணிக்கூடு கத்தினா நானும் உடனே கட்டத்தான் வேணுமா?"

பிள்ளைகளே, இதைத்தான் மேலே சொன்னேன். அந்த இருட்டில் எனக்கு இரண்டு வழிதான் தெரிந்தது என்று. மூன்றாவது வழி நாலு முழம் தள்ளித் தாடியோடு இருந்தது. மணிக்கூட்டை மட்டும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஆட்கள் தெரிவதில்லை, இத்தனை நாளும் பாங்கோடு வந்து அதே முன் ஸப்பில் இருந்தவர்கூட. நான் ஒவ்வொரு மணிக்கூட்டுக்கும் கூடக்குறைய போட்டுப் பார்த்தவன். என் கண்ணுக்குப் போட்டுப் பார்க்கவில்லை. இருட்டில் யாரையும் பார்க்காமல் இறங்கி, 'அவர் அங்க இல்ல' என்று ஒரு பெண்ணின் வாசலில் போய்ச் சத்தியம் மாதிரிச் சொன்னேன். தலையில் ஏறவில்லை என்று நான் நினைத்த பாடம் மீராலெவ்வைக்கு ஏறியிருந்தது. எனக்குத்தான் ஏறவில்லை.

வீட்டு வாசலில் அவர் மனைவி இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. சொன்னேன். மீராலெவ்வை சிரிப்பை நிறுத்தினார். "நீங்கதானே பயங்காட்டின. நீங்களே போய்ச் சொல்லுங்க. நான் ஸுன்னத்துத் தொழுதுட்டு வாறன்."

மறுபடி சைக்கிள். ஒழுங்கை முழுக்க வெளிச்சம் வந்திருந்தது. மெழுகுதிரி மட்டும் அணைக்கப்படாமல் நிலத்தில் எரிந்துகொண்டிருந்தது. தங்கச்சி அதே படியில்தான் இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பினார்.

"முடிஞ்சிது புள்ள" என்றேன். "நாப்பதும் முடிஞ்சிது. முன் ஸப்பு, மௌலவிக்குப் பின்னால."

அவர் என்னை நம்பாமல் பார்த்தார். நம்பாததில் ஒரு பிழையும் இல்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முன்னம் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார்.

"வடிவாப் பாத்தீங்களா, காக்கா?"

"ஓம் தங்கச்சி," என்றேன். "இந்த முறை கூடக்குறைய ஒண்டுமில்ல."